ஒடுகத்தூர்ப் பொடி

போன வாரம் மாடி வீட்டு அக்கா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். எப்போதோ கூல்டிரிங்க்ஸ் இருந்த பாட்டில். உள்ளே பாசி பிடித்த தொட்டித் தண்ணீரின் நிறத்தில் ஏதோ நிரம்பியிருந்தது. எனக்கு இது ஐந்தாவது மாதம். தினமும் வெறும் வயிற்றில் குடித்தால் சுகப்பிரசவம் ஆகுமாம்.

"இதுல இன்னாக்கா இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? எங்க ஊர்லருந்து அனுப்புனாங்க. எல்லாம் இலைதழைதான். இன்னா பண்ணிடப் போவுது?"

தன் பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவள் அவள். அரளியும் இலைதான், ஊமத்தையும் இலைதான் என்று எனக்கு வாய்வரை வந்தது. ராணிப்பேட்டைக்கு நாங்கள் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் சண்டை வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் படியேறிப் போனதும் அதைச் சாக்கடையில் கொட்டினேன். எரிச்சல் மட்டும் போகவில்லை. 'இன்னா பண்ணிடப் போவுது' என்ற அந்தப் பேச்சை என் பத்து வயதிலேயே நான் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டுவிட்டேன்.

அப்போது நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். எங்கள் வீட்டை ஒட்டிய போர்ஷனில் சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. சித்தப்பா லாரி டிரைவர். தோல் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. சித்தி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள் பெரியம்மா, மூவரில் மூத்தவள். அவர்களுடைய அம்மா சீக்கிரமே போய்விட்டதால் பெரியம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுக் கம்பெனிக்குப் போய், தங்கைகள் இரண்டு பேரையும் வளர்த்து, கல்யாணமும் செய்துவைத்தவள். அதனால் அவள் பேச்சுக்கு எங்கள் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. என் அப்பாவே அவள் வருகிறாள் என்றால் டிவி சத்தத்தைக் குறைப்பார்.

வேலையில் பெரியம்மா கெட்டிக்காரி. ஷூவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். தையல் ஒரு நூல் கோணினாலும் தனியாகத் தூக்கிப் போட்டுவிடுவாள். சொந்தத் தங்கை தைத்ததையே பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். தோலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்த பிறகுதான் சரக்கைக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று எங்களிடம் பெருமையாகச் சொல்வாள். "வெள்ளக்காரன் காலுக்கு ஒத்துக்குமான்னு பாத்துட்டுத்தான்டி அனுப்பறாங்க." அந்தக் காலுக்குக் கிடைத்த மரியாதையில் கால்பங்குகூடத் தங்கையின் வயிற்றுக்குக் கிடைக்கவில்லை.

சித்திக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகக் குழந்தை இல்லை. மாதவிலக்கும் ஒழுங்காக வராது. ஒரு மாதம் வரும், அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்குப் பேச்சே இருக்காது. "இந்த மாசமும் அவளுக்குத் தூரமாவல" என்று அம்மாவும் பெரியம்மாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். எவ்வளவு தூரம் என்று நான் ஒருமுறை கேட்டேன். அம்மா முறைத்த முறைப்பில் அதற்கப்புறம் தூரத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் சித்தி போய்த்தான் பார்த்தாள். விடிகாலை பஸ் பிடித்து, டோக்கன் வாங்கி, மத்தியானம்வரை உட்கார்ந்திருந்து, டாக்டரிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடும். லீவு போட்ட நாளுக்குச் சம்பளம் கட். மாத்திரை சாப்பிட்டால் தலைசுற்றல், வாந்தி. மெஷின் ஊசிக்கு எதிரில் உட்கார்ந்து தலைசுற்றினால் விரல் என்ன ஆகும்? அவள் மாத்திரையை நிறுத்தியதில் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அதற்குப் பதிலாக வீட்டுக்குள் வந்து சேர்ந்தவைதான் குறை.

எல்லாம் கம்பெனி வேனில் வந்தன. ஊர் ஊராகப் பெண்களை ஏற்றி வரும் அந்த வேன் ஒரு நடமாடும் மருத்துவக் கல்லூரி. ஏறிய எல்லோரும் பேராசிரியர்கள். ஒருத்தி மலைவேம்புச் சாறு என்பாள். ஒருத்தி கழற்சிக்காய். இன்னொருத்தி, அதெல்லாம் சூடு, சோற்றுக்கற்றாழைதான் குளிர்ச்சி என்பாள். சூடு என்கிறவளும் குளிர்ச்சி என்கிறவளும் ஒரே வேனில் அடுத்தடுத்து உட்கார்ந்து வருவார்கள், ஆனால் ஒருத்தியும் அடுத்தவள் மருந்தை வேண்டாம் என்று சொல்லமாட்டாள். "அதுவும் குடி, இதுவும் குடி" என்பார்கள். பெரியம்மா எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு ஒன்று விடாமல் கொண்டுவந்தாள். எங்கள் அம்மி காரச் சட்னியை மறந்தே போனது. அதில் அரைத்த தேங்காய்ச் சட்னிகூடக் கசந்தது. அப்பா ஒரு வாய் தின்றுவிட்டு, "எனக்கும் புள்ள பொறக்குமா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் சித்தி சில தடவை மெடிக்கல் கடையில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கிப் பார்த்திருக்கிறாள். ஒருமுறை நாள் நன்றாகவே தள்ளிப்போய்விட, பார்ப்பதற்கு முன்பே சந்தோஷம் தாங்காமல் பெரியம்மாவிடம் சொல்லிவிட்டாள். பெரியம்மா வேனில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்துவிட்டாள். மறுநாள் கார்டில் ஒற்றைக் கோடு. வேன் முழுக்கப் பரிதாபப்பட்டது. பரிதாபத்தைவிடப் பெரிய பேஜார் கிடையாது என்று சித்தி அம்மாவிடம் அழுதாள். "இனிமே வாயத் தெறக்காத, மானம் போவுது" என்று பெரியம்மா கத்தினாள்.

அதற்குச் சில மாதம் கழித்து மறுபடியும் நாள் தள்ளியது. காலையில் குழாயடியில் சித்தி குமட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். தோலுக்குத் தடவும் பசை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். அம்மாவுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது.

"கார்டு வாங்கிப் பாரேன்டி."

"வேணாம்க்கா. அந்த ஒத்தக் கோட்டப் பாக்கற தெம்பு எனக்கு இல்ல."

அம்மாவும் விட்டுவிட்டாள். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கடை தெருமுனையில்தான் இருந்தது.

பெரியம்மாவுக்கோ வேனில் புதிதாக ஒரு தகவல் கிடைத்திருந்தது. ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு வைத்தியராம். நின்றுபோன தூரத்தை வரவைத்து, கர்ப்பப்பையைக் கழுவிச் சுத்தம் செய்து, அடுத்த மாதமே கரு தங்க வைத்துவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை சித்தியைக் கிளப்பினாள். ஜன்னலோர சீட்டுக்கும் வேர்க்கடலைக்கும் ஆசைப்பட்டு நானும் ஒட்டிக்கொண்டேன். பஸ்ஸில் சித்தி முந்தானையை மூக்கில் வைத்தபடி வந்தாள். பெரியம்மா வழிநெடுக அந்த வைத்தியரால் பிள்ளை பெற்றவர்களின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒருத்தியையும் அவள் நேரில் பார்த்ததில்லை. எல்லோரும் யாருக்கோ நாத்தனார், யாருக்கோ ஓரகத்தி.

வைத்தியர் வீட்டு வாசலில் கோணி விரித்து வேர்களைக் காயவைத்திருந்தார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மந்திரவாதி மாதிரி ஒருவரை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம். பனியனும் லுங்கியும் கட்டிய சாதாரண மனிதர். போன் அடிக்க அடிக்க எடுத்துப் பேசிக்கொண்டே மருந்து கொடுத்தார். சித்தியின் முறை வந்தது.

"எத்தினி நாளா வரல?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுதுங்க" என்றாள் பெரியம்மா.

"வயித்துல எதுனா இருக்கா? பாத்துட்டீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நாலு வருசமா இல்லாதது இப்ப எங்கருந்து வந்துடும்? இவளுக்கு எப்பவும் இப்பிடித்தான், தள்ளித் தள்ளிப் போவும்."

"இருந்தா இதத் தொடக்கூடாது. அப்புறம் என்னக் கேக்காதீங்க."

"இல்லீங்க. நீங்க குடுங்க."

"அக்கா…" என்றாள் சித்தி.

"இன்னாடி?"

சித்தி பெரியம்மாவைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள். பிறகு அந்த மனிதரைக் கேட்டாள். "இதுல இன்னாங்க கலந்துருக்கு?"

"சொன்னா பலிக்காதும்மா" என்று அவர் அடுத்த போனை எடுத்தார்.

எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். கேட்க வேண்டிய கேள்வியை அந்த ஆள் கேட்டார். பதிலை மட்டும் வேறொரு வாயிலிருந்து வாங்கிக்கொண்டார். யாருடைய வயிறோ அவள் ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்டிருக்கலாம், அல்லது போய்ப் பார்த்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். கோணல் தையல் போட்ட ஷூவையே திருப்பி அனுப்புகிறார்களே!

பொடியைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, பாதியாகச் சுண்டியதும் வடிகட்டிக் குடிக்க வேண்டும். பெரியம்மா ஷிப்டுக்குப் போகும் முன் வந்து அவளே காய்ச்சினாள். சித்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கும்வரை எதிரிலேயே நின்றாள். கசப்பு போக ஒரு வெல்லக்கட்டி கொடுப்பாள். எனக்கும் ஒன்று கிடைக்கும். வெல்லத்துக்காகவே நான் சீக்கிரம் எழுந்துவிடுவேன்.

அந்த வாரத்துக்குள்ளேயே சித்திக்கு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். பெரியம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தியா? கேட்டுச்சா இல்லியா? ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா ஆறு மாசம் இழுத்தடிச்சிருப்பான்."

"ரொம்ப வலிக்குதுக்கா."

"தேங்கி நின்னதெல்லாம் வெளிய வருது, வலிக்காம இருக்குமா? ஜாஸ்தியா போனாத்தான்டி சுத்தமாவும்."

அவளே ரவை வறுத்துக் கேசரி கிண்டினாள். முந்திரி தாராளமாகப் போட்ட கேசரி. நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். மருந்து பலித்துவிட்டது என்று வேன் முழுக்கப் போனில் தகவல் போய்விட்டது. யார் யாரோ முகவரி கேட்டார்கள். பெரியம்மா வாசலில் நின்று உரக்க வழி சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே சித்தி போர்வையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அம்மா சித்திக்குப் புடவை மாற்றப் போனாள். போன வேகத்தில் ஓடிவந்தாள். "ஆட்டோவக் கூப்புடு, நிக்கவே மாட்டேங்குது" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். வீட்டில் தனியாக விட ஆள் இல்லாததால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பெரியம்மா கம்பெனியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அடையாள அட்டை கழுத்தில் அப்படியே தொங்கியது.

சித்தியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டரம்மா வெளியே வந்தாள். வயதில் சித்தியைவிடச் சின்னவளாகத்தான் இருப்பாள். நான் பெஞ்சில் இருந்தேன்.

"என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

"மாத்திரை எதுவும் சாப்புடலீங்க" என்றாள் அம்மா. பொய் சொல்கிறோம் என்று அவள் நினைக்கவே இல்லை.

"நாட்டு மருந்து?"

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள்.

"அது மருந்து இல்லீங்க மேடம். சும்மா பொடி" என்றாள் பெரியம்மா.

"என்ன பொடி?"

"தெரியாதுங்க."

"தெரியாமயா குடுத்தீங்க?"

"இயற்கையானதுங்க மேடம். எல்லாம் வேருதான்…"

டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தாள். "இப்ப ரத்தம் நிக்க மாட்டேங்குது. உள்ள என்ன போயிருக்குன்னு தெரிஞ்சாத்தானே நாங்க அதுக்கு ஏத்த மாதிரி பாக்க முடியும்? கரு தங்கியிருந்திருக்கு. இப்பக் கலைஞ்சிருக்கு. பொடியாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. தானாவே கலையறதும் உண்டு, நிறையப் பேருக்கு நடக்குது. ஆனா தங்கியிருக்குன்னு தெரிஞ்சிருந்தா அதைக் குடுத்திருப்பீங்களா? ஒரு கார்டு வாங்கிப் பாக்கறதுக்கு என்னம்மா?"

டாக்டரம்மா திரும்பி உள்ளே போனாள்.

பெரியம்மா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடையாள அட்டையின் கயிறைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கலைந்தது என்றால் எனக்குத் தெரிந்தது கோலம், மேகம், பள்ளிக்கூட அணிவகுப்பு. கலைந்ததை மறுபடியும் சேர்த்துக்கொள்ளலாமே, இதற்கா இப்படி என்று நினைத்தேன். பசிக்கிறது என்று சொன்னேன். பெரியம்மாவுக்குக் காது கேட்கவில்லை.

ரத்தம் ஏற்றினார்கள், சுத்தம் செய்தார்கள். சித்தி பிழைத்து வீட்டுக்கு வந்தாள். பின்னால் வேறொரு டாக்டரிடம் பொறுமையாக வைத்தியம் பார்த்துப் பெண் குழந்தையும் பெற்றாள். அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள். பெரியம்மா அதற்கப்புறம் முட்டி வலிக்கும் தலைமுடிக்கும் மட்டும் வைத்தியம் சொன்னாள். வயிறு என்று யாராவது ஆரம்பித்தால் வேன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாளாம். அந்த வேனில் வந்த மற்றவர்கள் அவள் சொன்ன வழியில் ஒடுகத்தூருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். போகாதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சித்தி வீட்டுக்கு வந்த மறுநாள் சாயந்திரம் எல்லோரும் அவள் போர்ஷனில் கூடியிருந்தோம். சித்தப்பா லாரியைப் பாதி வழியில் வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அவருடைய அம்மா திமிரியிலிருந்து வந்திருந்தாள். சித்தி சுவரோரம் பாயில் சாய்ந்திருந்தாள். பெரியம்மா கதவோரமாக, யாரோ விருந்துக்கு வந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"எப்பிடி ஆச்சு?" என்று சித்தப்பா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"பப்பாளி கிப்பாளி துன்னியா?" என்றாள் மாமியார். "எவளாவது எதையாவது குடுத்தாளா? யாருன்னு சொல்லு. அவ இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

பெரியம்மா தொண்டையைச் செருமினாள். "நான்தான்…" என்று ஆரம்பித்தாள்.

"கம்பெனிப் பசைதான்" என்றாள் சித்தி. அவள் குரல் அவ்வளவு தெளிவாக இருந்து நான் கேட்டதில்லை. "அந்த வாசனை ஆவாதாம். டாக்டரே சொன்னாங்க."

டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவள் நான். பொய் சொன்னால் எனக்கு அடி விழும் வீடு அது. வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாளைலருந்து வேலைக்குப் போவாத" என்றார் சித்தப்பா.

சித்தி சரி என்று தலையாட்டினாள். ஒரு மெஷினைத் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள், என் கை யாருக்கும் வராது என்று எங்களிடம் அலட்டிக்கொண்டவள் தலையாட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியம்மாவிடம் இவ்வளவு பயமா என்று நினைத்தேன். பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டவும் செய்தேன்.

இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பெரியம்மா எழுந்தாள். எழுந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். சித்தி பாயைவிட்டு எழுந்தாள். படுத்திரு என்று அம்மா சொன்னதையும் கேட்கவில்லை. மெதுவாகச் சுவரைப் பிடித்து நடந்து வந்து பெரியம்மாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் தெருமுனைவரை நடந்தார்கள். வழியில் இரண்டு தடவை நின்றார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பு முடியாதவளைக் கூட்டிக்கொண்டு இப்படி நடக்கிறாளே, இந்தப் பெரியம்மாவுக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கிறதா என்று எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.